நாற்பத்தொன்றாம் பிழை

மத்தியானம் பன்னிரண்டு மணி. பேய் என்றால் ராத்திரிதான் வர வேண்டுமா என்ன? விளக்கைத் தொடாதீர்கள்... கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை. குளிர்பதனக் கிடங்குக்குப் போகிற சாலை. ஈ காக்கை இல்லை. என் நண்பனின் மைத்துனர் தனியாக வண்டியில் போகிறார்.

அந்தக் கிடங்கின் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள் அவர் எழுதியது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் எழுத்தில் பதில் வரும். கோளாறு என்றால் மட்டும் வெறும் எண். அந்தத் திரை முன்னால் வேலை பார்த்த ஆபரேட்டர், பாவம், மூன்று முறை கேட்டுப் பார்த்தார்.

“சார், நாப்பத்தொண்ணுன்னா என்னன்னு வார்த்தையில போடுங்களேன்.”

மைத்துனருக்குத் தலைக்கனம். “தெரிஞ்சவனுக்குத் தெரியும்யா. எண்ணுக்கெல்லாம் அர்த்தம் புத்தகத்துல இருக்கு, பாரு.”

ஒருநாள் திரையில் ‘பிழை 41’ வந்தது. கிடங்கைக் குளிர்விக்கும் அம்மோனியா விஷவாயு கசிகிறது, ஓடு என்று அர்த்தம். ஆபரேட்டர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே செத்துப்போனார். விசாரணையில் மைத்துனர் கூசாமல் சொன்னார்: “செய்தி தெளிவாத்தான் வந்துச்சு. அந்த ஆளு தூங்கிட்டாரு.” பழி செத்தவர் தலையில் விழுந்தது. எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ஒரு மாதம் கழித்துத்தான் இந்த ஞாயிறு. புதிய பதிப்பை ஏற்ற வந்த மைத்துனர் அதே அறையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து முதல் கட்டளையைத் தட்டினார்.

‘கதவு மூடிக்கொண்டது.’

முதுகுக்குப் பின்னால்... டக்.

அப்படி ஒரு வரியை அவர் எழுதவே இல்லை. ஓடிப்போய்க் கதவை இழுத்தார். அசையவில்லை. போனை எடுத்தார். அது உயிரில்லாமல் கிடந்தது. திரும்பி வந்து, நிறுத்தும் கட்டளையைத் தட்டினார்.

‘நிறுத்த முடியவில்லை. காரணம்: ஏழாம் வால்வு திறந்துவிட்டது. வாயு இந்த அறைக்குள் வருகிறது. உனக்கு ஆறு நிமிடம் இருக்கிறது.’

பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எங்கோ... ஸ்ஸ்ஸ்... மூக்கை அறுக்கும் நெடி.

‘மன்னித்துவிடுங்கள்’ என்று தட்டினார்.

‘இது போதாது. நடந்ததை முழு வாக்கியங்களில் எழுது.’

கண்ணில் நீர் கொட்டக் கொட்ட எழுதினார். எண்ணை வைத்தது நான். கேட்டும் மாற்றாதது நான். அவர் தூங்கவில்லை. பொய் சொன்னேன்.

எழுதியதை அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்தார். பிறகு...

‘தெளிவாகப் புரிகிறது. கதவு திறக்காது.’

திங்கள் காலை வேலைக்கு வந்தவர்கள் கதவைத் தள்ளினார்கள். தொட்டதுமே திறந்தது. உள்ளே துளி நெடி இல்லை. ஏழாம் வால்வில் விசாரணைக்காரர்கள் போன மாதம் வைத்த முத்திரைகூட உடையவில்லை. திரையில் மட்டும் இந்த வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன. மைத்துனர் நாற்காலியில் இருந்தார்.

உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் அறிக்கையில் எழுதினாராம்: நுரையீரல் முழுக்க அம்மோனியாவில் வெந்திருந்தது.