தவளை போடற ரகமில்ல

இல்லண்ணே, நான் எதுவும் வாங்க வரல. அந்த ஸ்டூலை மட்டும் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க, உக்காந்துக்கறேன். தண்ணியெல்லாம் வேணாம். இப்பல்லாம் தண்ணியைப் பாக்கவே பிடிக்கல.

என்னைத் தெரியலையா? தவளையோட சம்சாரம். ஆமா, துறைமுகத்துல முங்கி கப்பலோட அடியைச் சுரண்டற தவளைதான். ஐயோ, எழுந்திரிக்காதீங்க. முங்கினவரு திரும்பி வரலன்னு உங்களுக்கும் சேதி வந்திருக்கும், எதுவும் சொல்லவும் வேணாம். எல்லாரும் சொல்லியாச்சு, கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு.

நான் வந்தது வேற விஷயம். துறைமுக ஆபீசர் ஒருத்தரு என்கூட வந்திருக்காரு. வண்டி நிறுத்த இடமில்லாம உங்க தெருவையே சுத்திட்டிருக்காரு. அவரு உள்ள வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன். கையில ஒரு ஃபின் எடுத்துட்டு வருவாரு. ஜோடி இல்ல, ஒத்தை. தண்ணிக்குள்ள நீந்தக் கால்ல மாட்டுவாங்களே, வாத்துக்கால் மாதிரி... உங்ககிட்டயே வந்து விளக்கறேன் பாருங்க! இந்தச் சுவரு பூரா அதானே தொங்குது.

நேத்து அது பாறைத்திட்டுக்கு அந்தாண்ட மிதந்துட்டிருந்துச்சாம். இது அவருதுதான்னு தெரிஞ்சுட்டா, ஆளை நீரோட்டம் வெளிக்கடலுக்கு இழுத்துட்டுப் போயிடுச்சுன்னு அர்த்தமாம். அப்புறம் துறைமுகத்துக்குள்ள தேடறது வீணாம், படகையெல்லாம் திரும்பக் கூப்பிட்டுடுவாங்களாம். அந்த ஆபீசரைக் குத்தம் சொல்லல, நல்ல மனுஷன். சொல்லும்போது என் மூஞ்சியைப் பாக்க முடியாம மேஜையில இருந்த பேனாவைப் பாத்துட்டுச் சொன்னாரு.

நான் சொன்னேன், சார், இது அவருதே இல்ல சார்னு. எப்படிம்மா அவ்வளவு உறுதியாச் சொல்றேன்னு கேட்டாரு. எனக்குத் தெரியாதாண்ணே? எங்க வீட்டுக்காரரு சோத்துல கை வெச்சார்னா ஃபின்ஸ் பேச்சுதான. கல்யாணத்துக்குச் சட்டை எடுக்கப் போனப்ப மொதல்ல காட்டினதையே கட்டிக்குடுன்னுட்டாரு. உங்க கடைக்கு வந்தா மட்டும் பொழுது சாயற வரைக்கும் ஒண்ணு ஒண்ணா மாட்டிப் பாப்பாரு, உங்களுக்கே எரிச்சல் வந்திருக்கும்.

அதனால ஆபீசருக்கு நானே பாடம் எடுத்தேன். சார், வெறுங்கால்ல சொருகிக்கற ரகம் ஒண்ணு இருக்கு, அது வெதுவெதுப்பான தண்ணியில சும்மா வேடிக்கை பாக்கறவங்களுக்கு. வேலைக்கு இறங்கறவன் ரப்பர் பூட்ஸ் போட்டு, அதுக்கு மேல குதிகால் பக்கம் வாரு வெச்சதைத்தான் மாட்டணும். சரி, இதுலயும் வாரு இருக்கேம்மான்னாரு. வாரு இருக்கு சார், நுனியைப் பாருங்கன்னேன். மீன் வாலு மாதிரி நடுவுல பிளந்திருக்கா இல்லையா? இது காலுக்கு லேசு. மேலயும் கீழயும் தட்டித் தட்டிப் போறவங்களுக்கு சுகம். இவரு அப்படிப் போறவரு இல்ல. காலை அகட்டி, பக்கவாட்டுல உதைப்பாரு, அடியில கிடக்கற சேறு துளிகூடக் கிளம்பாது. அதனாலதான அவருக்குத் தவளைன்னே பேரு வந்துச்சு. அந்த உதைக்கு விறைப்பா, பலகை மாதிரி இருக்கற ஃபின் வேணும். பிளந்ததை மாட்டினா உதைக்கற பலமெல்லாம் அந்தப் பிளவு வழியாவே போயிடும். கிழிஞ்ச செருப்புன்னுதான் சொல்வாரு இதை. யாராவது மாட்டிட்டு வந்தா, என்னடா, பாதியிலேயே மீன் கடிச்சுட்டுப் போயிடுச்சான்னு ஓட்டுவாரு.

கூட வேலை பாக்கறவங்களையும் கூப்பிட்டு விசாரிச்சாரு. ஒருத்தர் பாக்கியில்லாம அடிச்சுச் சொன்னாங்கண்ணே. தவளையாவது, பிளந்த ஃபின் போடறதாவது, தலைகீழா நின்னாலும் போடமாட்டாருன்னு. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு. ஆபீசரும் தலையாட்டினாரு. ஆட்டிட்டு, எதுக்கும் அவரு வழக்கமா வாங்கற கடையில ஒரு வார்த்தை கேட்டுடுவோமேன்னுட்டாரு.

நீங்க ஏன் இப்படிக் கல்லாப்பெட்டியையே பாத்துட்டிருக்கீங்க? என்னைப் பாருங்க.

அந்த வாருல ஒரு நாடா கட்டியிருக்கும். மாட்டும்போது விரலை விட்டு இழுக்கறதுக்கு ஒரு வளையம். பூப்போட்ட நாடா, உப்புத் தண்ணியில கொஞ்சம் வெளுத்திருக்கு. இது என்னம்மான்னு ஆபீசரு கேட்டாரு. ஊர் சுத்திப் பாக்க வந்தவங்க யாராவது கட்டியிருப்பாங்க சார்னு சொல்லிட்டேன்.

என் நைட்டியோட நாடாண்ணே அது. நான்தான் கட்டிவிட்டேன். காலை மடக்கிக் குதிகாலை எட்டிப் பிடிக்க முடியல அவரால. முட்டி அவ்வளவு மோசமாயிடுச்சு. பக்கவாட்டுல உதைச்சு உதைச்சே போன முட்டி. தைலம் தேய்க்கத் தேய்க்கப் பல்லைக் கடிச்சுட்டுப் படுத்திருப்பாரு. வெளிய தெரிஞ்சா தண்ணியில இறக்கமாட்டாங்கன்னு மூச்சு விடல. காலுக்கு லேசா இருக்கட்டும்னு வாங்கின அந்தப் பிளந்த ஃபின்னைப் படகுல யார் கண்ணுலயும் படாம, கடைசி ஆளா மாட்டிட்டு இறங்கியிருக்காரு. நீங்க ஷட்டரைப் பாதி இறக்கிட்டு எடுத்துக் குடுத்தீங்களாமே? தவளைக்கு வயசாயிடுச்சுன்னு நீங்க சொன்னதையும், யாருக்கும் சொல்லிடாதேன்னு உங்க கையைப் பிடிச்சுக்கிட்டதையும் வீட்டுல வந்து சொல்லிச் சிரிச்சாரு. சிரிச்சாரா அழுதாரான்னு எனக்கு இன்னும் தெரியலண்ணே.

அழாதீங்க. நீங்க வித்ததுல தப்பில்ல. முட்டி கேட்டதை நீங்க குடுத்தீங்க, அவ்வளவுதான்.

தெரியும். அவங்க தேடற இடத்துல அவரு இல்ல. எனக்கு அது அந்த நாடாவைப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா காலையில படகு கிளம்பற சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்கும். அது கேக்கற வரைக்கும் நான் புருஷனைத் தேடிட்டிருக்கறவ. அது நின்ன அன்னிக்கு என்னை என்னன்னு கூப்பிடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். இன்னும் கொஞ்ச நாள், தப்பான இடத்துலயாவது தேடட்டுமேண்ணே. அவருக்கு நீங்க குடுத்த வாக்குதான, புதுசா எதுவும் கேக்கல.

அதோ, வந்துட்டாரு. கண்ணைத் துடைங்க.

வாங்க சார், இடம் கிடைச்சுதா? நல்லவேளை. அதான் அண்ணன்கிட்ட சும்மா பேசிட்டிருந்தேன். அண்ணே, சார் ஒரு ஃபின்னைக் காட்டுவாரு. நல்லாப் பாத்துச் சொல்லுங்க, இது தவளை போடற ரகமா?