கிளவுஸ் போட்ட கைக்கு ஒரு போன்

ஹலோ... ஹலோ... கேக்குதா? இரு இரு, வெச்சிடாத, பின்னாடி மூடி கழண்டுடுச்சு, ரப்பர் பேண்டு போட்டுக்கறேன்... ஆங், இப்போ கேக்குதா?

நான்தான்டா, அக்கா... ஆமா, என் நம்பர்லேர்ந்துதான்... ஆமா ஆமா, இன்னும் அதே டப்பாதான். பாதிப் பேச்சுல படுத்துடும், அதனால நான் சொல்றத முதல்ல கேளு. கடையில கூட்டமா?... சரி, அந்த ஆளுக்குக் கவர மாட்டிக் குடுத்துட்டு வா. லைன்லயே இருக்கேன்...

...

ஆங், சொல்லு... என்ன விஷயமா? மொபைல் கடைக்காரனுக்கு எதுக்குடா போன் போடுவாங்க, மொபைல் வாங்கத்தான். எனக்கு ஒரு போன் வேணும். விலை என் கைக்கு அடக்கமா இருக்கணும், கீழ விழுந்தா ஒடையக்கூடாது. இன்னிக்கே வேணும். கடைய மூடிட்டு வர்றப்ப கையோட எடுத்துட்டு வந்துடு...

ஏன் இன்னிக்கேன்னா... நாளைக்குக் காலைல நான் வேலைக்குப் போறேன்.

ஆமா... ஆமாண்டா, அங்கதான். கோல்டு ஸ்டோரேஜ்லதான்... உன் மாமா பாத்த அதே வேலைதான். உள்ள போய் பெட்டியெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லணும், அவ்ளோதான்...

கத்தாத... கத்தாதடா, கடையில ஆளுங்க திரும்பிப் பாக்கப் போறாங்க... முதல்ல பேக்கிங்ல போடறேன்னுதான் சொன்னாங்க. அதுல வர்றது வாடகைக்கே பத்தாது. என் பொண்ணு, உன் மருமக, படிப்ப முடிக்கணும்ல... எனக்கு மட்டும் ஆசையா, அந்த ரூமுக்குள்ள கால வைக்க?

நேத்துக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க... ம்... கதவத் தொறந்தாங்க, குளிர் மூஞ்சில அடிச்சுது. அவர் எந்த எடத்துல கெடந்தார்னு நான் கேக்கல. அவங்களும் சொல்லல. ஆனா அந்த சூப்பர்வைசர் ஒரு மூலைய மட்டும் பாக்காமயே பேசினான் பாரு, அதுலயே தெரிஞ்சுபோச்சு.

சரி, போன் விஷயத்துக்கு வா. என்னென்ன வெச்சிருக்க?... ம்... ம்... கேமராவப் பத்திப் பேசாத. கேமராவ என் கண்ணுல காட்டாத. அப்புறம்?... தண்ணில விழுந்தா ஒண்ணும் ஆகாது, சரி. மாடிலேர்ந்து விழுந்தா?... ம்... அத அவன் விளம்பரத்துல சொல்றான், நீ போட்டுப் பாத்தியா?... பாக்கல. சரி. குளிர்ல?

குளிர்ல நிக்குமான்னு கேட்டேன்...



அட்டைப் பொட்டில எதாவது போட்டிருக்கா, பாத்துச் சொல்லு. எவ்ளோ குளிர் வரைக்கும் தாங்கும்னு... பூஜ்யமா? பூஜ்யம்லாம் அங்க வாசல்லயே வந்துடும்டா. உள்ள அதுக்கும் எவ்ளோவோ கீழ. அங்க மீன எடுத்து ஆணி அடிக்கலாம், அப்படி இருக்கு.

டச்சு போன் வேணாம்... வேணாம்னா வேணாம். இப்பல்லாம் யாரும் பொத்தான் போன் வாங்கறதில்லைன்னா வாங்காம போகட்டும். கிளவுஸ் போட்டுக்கிட்டு டச்சு எப்படிடா அமுக்குவ? எனக்கும் நேத்து ஒரு ஜோடி குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து அதப் போட்டுக்கிட்டு, உன் மாமா போன எடுத்து வெச்சுப் பாத்தேன். அமுக்கறேன், தேய்க்கறேன், குத்தறேன், ஒண்ணும் நடக்கல. என் பேரு தெரியுது, பக்கத்துலயே பச்சை தெரியுது, தொட்டாப் போதும். தொட முடியல. ஹால்ல, லைட்டுக்குக் கீழ, சொகமா உக்காந்துகிட்டு எனக்கே முடியலடா. உள்ள இருட்டு, கதவோட உள்பிடி ஐஸ் புடிச்சுப்போய் அசையல, வெளிய இருந்தவங்கள்லாம் ஷிப்டு முடிஞ்சு போயாச்சு... அந்த மனுஷன் என்ன பாடு பட்டிருப்பார்?

ஆமா... ஆமா, கழட்டித்தான் பாத்திருக்கார். ஒரு கையில கிளவுஸ் இல்லாமத்தான கெடந்தார்... கழட்டினப்ப பாட்டரி படுத்துடுச்சு. குளிர்ல அப்படித்தான் ஆகுமாம்... ஆமா, நீயே சொன்ன, அப்புறமா சொன்ன.

பாதி சார்ஜ் இருந்துச்சுடா. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் குடுத்தாங்களே, கொண்டாந்து மேஜை மேல வெச்சேன். கொஞ்சம் சூடு ஏறினப்புறம் சும்மா ஓரத்துப் பொத்தான அமுக்கினேன், பளிச்சுன்னு எரியுது. பாதி சார்ஜ் காட்டுது. சார்ஜுக்கே போடல நான். அது பொழச்சுக்கிச்சு. அதத் தூக்கிட்டுப் போன ஆள் பொழைக்கல.

ம்...

அழறியா?... பொய் சொல்லாத, மூக்க உறிஞ்சற சத்தம் இங்க கேக்குது... இங்க பாரு. உன் மேல கோவமே இல்லன்னு நான் சொல்லமாட்டேன். இருக்கு. நீ ஆசையாத்தான் அந்த போன வாங்கிக் குடுத்த, அவரும் சின்னப் புள்ளையாட்டம் அத வெச்சுக்கிட்டுத் தெருவையே போட்டோ எடுத்தார். அவர் மேலயும் கோவம் இருக்கு. அந்த உள்பிடியச் சரி பண்ணாத படுபாவிங்க மேல அதவிட இருக்கு. எல்லார் மேலயும் இருக்கு. அதுல உனக்கு வர்றது ஒரு பங்குதான், மொத்தத்தையும் நீயே அள்ளிக்காத...

சரி, மூஞ்சியத் தொடை. யாரோ சார்ஜர் கேக்கறாங்க பாரு, எனக்கே கேக்குது, குடுத்து அனுப்பு...

...

ஆங்... அப்புறம், உன் மாமா நம்பருக்கு மாசாமாசம் ரீசார்ஜ் யார் போடறதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?... தெரியும்டா. நானும் கேக்கல, நீயும் சொல்லல... நிறுத்திடவா? வேணாம். நிறுத்தாத.

ஏன்னா... சிரிக்கக்கூடாது. நான் தெனம் சாயங்காலம் அவருக்கு போன் போடறேன்...

இல்ல... இல்லடா, எனக்கு ஒண்ணும் ஆகல. அந்த ரிங்டோனுக்காகப் போடறேன். நீதான செட் பண்ணிக் குடுத்த, அவர் குரல்லயே. "மகாராணி கூப்பிடுறாங்க... வெளிய வாடா, வெளிய வா"ன்னு. ஷிப்டு முடியற நேரம் பாத்து நான் கூப்பிடுவேன். அவர் பாக்கெட்லேர்ந்து அவரே அவர அதட்டுவார். கூட வேலை செய்யறவங்கள்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாங்களாம். இப்பவும் ஹால்லேர்ந்து நான் போட்டா உள்ரூம்ல அவர் குரல் வருது. எடுக்க ஆள் இல்ல. கொஞ்ச நேரம் அடிச்சுட்டு ஓஞ்சுடும். ஒரு தடவதான். ரெண்டாந்தடவ போடமாட்டேன், அது பேராச...

உன் மருமகளுக்குத் தெரியாது. அவ ஹாஸ்டல்ல இருக்கா, அவகிட்ட ஒளறித் தொலைக்காத.

எல்லாருக்கும் அந்த டோன் இல்லைல்ல?... ஆங், அதான். என் நம்பருக்கு மட்டும். மத்தவங்களுக்கெல்லாம் வெறும் டிரிங் டிரிங்தான். லோன் வேணுமான்னு ஒருத்தி கூப்பிட்டா அன்னிக்கு, அவளுக்கு டிரிங் டிரிங். அவரக் கேட்டுச் சொல்றேன்னுட்டேன்... சிரிச்சிட்டியா? சிரி, சிரி. உன் சிரிப்பக் கேட்டே ரொம்ப நாளாச்சு.

இன்னிக்கு இன்னும் போடல. உன்கிட்ட பேசி முடிச்சுட்டுப் போடணும்... சரி, பொத்தான் போன்ல என்ன இருக்கு, சொல்லு.

ம்... ம்... மெலிசா? மெலிசு வேணாம்... டார்ச்சு இருக்கா? நல்லது... பொத்தான் எவ்ளோ பெருசு? உன் கட்டவெரலால அமுக்கிப் பாரு. ரெண்டு சேந்து அமுங்குதா?... அப்போ அதுவும் வேணாம். கிளவுஸ்க்குள்ள என் வெரலு உன் கட்டவெரல் ரெண்டு சேத்த தண்டி... ஆமா, நான்தான் ரொம்ப நொட்டை சொல்றேன். கடைக்காரன்தான நீ, கேட்டுக்க.

ஏன்டா... அந்த செங்கல் என்ன ஆச்சு?

செங்கல்டா. உன் மாமாவோட பழைய போன். புதுசக் குடுத்துட்டு, "குடுங்க மாமா, இதத் தூக்கிட்டு அலையாதீங்க, என் மானம் போகுது"ன்னு வாங்கிட்டுப் போனியே... வித்துட்டியா?... டிராயர்லயா?

ஏன்டா விக்கல?... ம்... சரி. சரி விடு, சொல்லவேணாம். எடு அத.

லாரிலேர்ந்து எத்தனை தடவ விழுந்துச்சுன்னு கணக்கே இல்லாத போன்டா அது. ஒருவாட்டி சட்டையோட ஊறவெச்சுட்டேன். வெயில்ல காய வெச்சேன், மறுநாள் எப்பவும்போலப் பேசுச்சு. ஒவ்வொரு பொத்தானும் கோட்டுப் பித்தான் மாதிரி இருக்கும். குளிர்ல அதுக்கு ஒரு கேடும் வந்ததில்ல. கதவுகிட்ட நின்னா உள்ளயே டவர் கெடைக்கும்னு சொல்லுவார், கிளவுஸக் கழட்டாமயே என்கிட்டப் பேசுவார். அது மட்டும் அன்னிக்கு...

இல்ல. நான் அதச் சொல்ல வரல. சொல்லல, விடு.

அமுக்கிப் பாரு, எரியுதா?... எரியுதா? சார்ஜ் போடாமயா? இத்தனை மாசமாவா?... பாத்தியா. அதுதான்டா போன். நீ கடை முழுக்க வெச்சிருக்கறதெல்லாம் கண்ணாடி. எனக்கு இது போதும். என் சிம்மக் கழட்டி அதுல போட்டுக்கறேன். காசு கேட்ட, தோல உரிச்சிடுவேன்...

ம்... என்ன?... மறுபடியும் ஆரம்பிக்காத. போகாம என்ன பண்ண?... நீ குடுப்ப, தெரியும். உனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு... எனக்கு பயமா இருக்குடா. போதுமா? பயமாத்தான் இருக்கு. அந்தக் கதவு மூடற சத்தம் நேத்துலேர்ந்து காதவிட்டுப் போகமாட்டேங்குது. தூங்கினா அதுதான், முழிச்சா அதுதான்.

ஆனா உள்பிடிய மாத்திட்டாங்களாம். உள்ள ஒரு மணி வேற வெச்சிருக்காங்க, மாட்டிக்கிட்டா அமுக்கணும், வெளிய அடிக்கும்... ஆமா, அமுக்கிப் பாத்தேன். நான்தான் அமுக்கினேன்... அடிக்கல. கரண்ட் இல்லம்மா, நாளைக்கு அடிக்கும்னான் அந்த சூப்பர்வைசர்...

லைட்டா?

...

எரிஞ்சுது. உள்ள லைட்டு எரிஞ்சுது... ஆமா. காத்தாடியும் ஓடுச்சு. ஓன்னு கத்திக்கிட்டு ஓடுச்சு...

கரண்ட் இருந்துச்சுடா.

பேசிப் பேசி என்ன ஏமாத்தியிருக்கான். நானும் தலைய ஆட்டிட்டு வந்திருக்கேன்... தெரியல... தெரியலடா, பதறாத, யோசிக்க விடு. போகலன்னா வேலை போயிடும். காலைல வரலன்னா வேற ஆளப் போட்டுடுவேன்னு சொல்லித்தான் அனுப்பினான்... கேட்டுப் பாக்கறேன். மணிய முதல்ல அடிச்சுக் காட்டுன்னு வாசல்ல நின்னு கேக்கறேன், அப்புறமா உள்ள...

இரு.

இருடா, பேசாத...

உள்ரூம்ல அடிக்குது. உன் மாமா போன்.

இல்ல... டிரிங் டிரிங் இல்ல. அவர் குரல். "மகாராணி கூப்பிடுறாங்க"ன்னு... உனக்குக் கேக்குதா? கேக்குதா?... கேக்குதுல்ல?

நான் எப்படிடா போடுவேன், என் போன் என் காதுல இருக்கு, உன்கிட்டதான பேசிட்டிருக்கேன்... நீ எதாவது அமுக்கினியா? அந்த செங்கல்ல?... அதுல சிம்மே கெடையாதுல்ல... சரி, சரி, நீ இல்ல. நம்பறேன்...

எந்திரிச்சுப் போய்ப் பாக்கறேன், இரு. வெச்சிடாத. நீ லைன்லயே இரு...

மேஜை மேலதான் இருக்கு. எரியுது... என் பேருதான்டா. மகாராணின்னுதான் வருது.

ஓயவே மாட்டேங்குதுடா. எப்பவும் கொஞ்சத்துல ஓஞ்சுடும், இது ஓயல. "வெளிய வா, வெளிய வா"... என் போன் வேற கத்துது, சார்ஜ் போகப்போகுது... தொட்டுப் பாத்தேன், ஐஸு மாதிரி சில்லுன்னு இருக்குடா. கண்ணாடி மேல பனி புடிச்சிருக்கு...

கேக்குது. கேக்குதுங்க. போதும், சத்தம் போடாதீங்க...

தம்பி, நான் நாளைக்குப் போகலடா. வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீ வா... ஆமா, கடைய அப்படியே போட்டுட்டு வா. செங்கல எடுத்துட்டு வா...

இல்ல, எடுக்கறேன். நான் எடுக்கத்தான் போறேன். அவர் கூப்பிட்டு நான் எடுக்காம இருப்பேனா?... கையில கிளவுஸ் இல்ல. தொட்டாப் போதும்...

ஹலோ... சொல்லுங்க...

நான் வெளியதாங்க இருக்கேன்.