பாதுகாப்புக்கு ஒரு மாத்திரை

புரிஞ்சுதுங்க டாக்டரம்மா. எலும்புக்கு வந்துடுச்சு. நீங்க பக்குவமாத்தான் சொன்னீங்க. இல்ல, தண்ணி வேணாம். அழுகை வந்தா வீட்டுல போய் அழுதுக்கறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. அடுத்து என் வீட்டுக்காரரை உள்ள கூப்பிடப் போறீங்கல்ல? கூப்பிடுங்க, வேணாங்கல. இதை அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, எனக்கு நாக்கு புரளாது. ஆனா நீங்க எல்லார்கிட்டயும் வழக்கமா கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு. அதை மட்டும் அவரு முன்னாடி கேட்டுடாதீங்க. கேட்டீங்கன்னா அந்த மனுஷன் இந்த ரூமை விட்டு முழுசா வெளிய போக மாட்டாரு.

என்ன கேள்வியா? சொல்றேன். மொட்டையா சொன்னா அவரைத் தப்பா நெனச்சுடுவீங்க. வெளிய கூட்டம் நிக்குதுன்னு தெரியும். கொஞ்ச நேரம்தான். முதல்ல ஆளைத் தெரிஞ்சுக்கங்க.

ஆமா, வெளிய சுவரோரமா நிக்கறாரே, அந்தப் பெரிய உடம்புக்காரருதான். பெஞ்சு காலியா இருந்தாலும் உக்கார மாட்டாரு. நிக்கறதுதானே தொழில். நகைக்கடை வாசல்ல காவல். கறுப்பு டீ-ஷர்ட்டு, முதுகுல கொட்டை எழுத்துல பாதுகாப்புன்னு போட்டிருக்கும். சேர்ந்தப்போ ஒடிசலா இருந்தாரு, நம்புவீங்களா? அப்புறம் கடைக் காவலை ஒரு கம்பெனிகிட்ட விட்டுட்டாங்க. கம்பெனி ஆளு வந்து வரிசையா எல்லாரையும் பாத்துட்டு, இவரைப் பாத்து, தம்பி காத்தடிச்சா நீங்க கடைக்குள்ள வந்துடுவீங்களேன்னானாம். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அன்னைக்கே ஜிம்முல போய் சேர்ந்துட்டாரு.

ஜிம்முல ஒரு அண்ணன். முட்டை தின்னு உடம்பு ஏறணும்னா அதுக்குள்ள நீ பேரன் எடுத்துடுவடான்னு சொல்லி ஊசி போட்டு விட்டிருக்கான். ஸ்டீராய்டு. நீங்க மூஞ்சியை அப்படி வெச்சுக்காதீங்க, அப்போ எங்களுக்கு என்ன தெரியும்? சத்து ஊசின்னாரு, சத்து ஊசின்னு நானும் நம்பினேன். தோள் ஏறுச்சு, கை ஏறுச்சு. வேலையும் நிலைச்சுது. தெருவுல நடந்தா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க. எனக்கும் பெருமைதான், அதுல என்ன பொய்.

அப்புறம்தான் எனக்கு மார்ல கேன்சர் வந்துச்சு. இடது பக்கம் முழுசா எடுத்தீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். தெரியாத கதை என்னன்னா, அதுக்கப்புறம் அவரு பாத்த பாடு. விலாவுல ஒரு டியூபும் பையும் தொங்குச்சே, அந்தப் பையை கழுவி ஊத்தினது அவருதான். தலைக்கு குளிப்பாட்டி விட்டாரு. இந்தக் கை வீங்கிப்போய் மாத்திரை அட்டையை அழுத்தினாலே வலிக்குதுன்னு சொன்னேன். அடுத்த நாளே ஏழு அறை வெச்ச டப்பா ஒண்ணு வாங்கிட்டு வந்து, வாரத்துக்கு ஒருதரம் அவரே பிரிச்சுப் போட்டு வெச்சுடுவாரு. என் சொந்தத் தம்பி அதை செஞ்சிருப்பானா? மாட்டான்.

சொல்றேன், வர்றேன். நான் துணி வெளுக்கற கடையில வேலை பாக்கறவ. ஒருத்தர் துணியைப் பாத்தாலே அவரு என்ன மறைக்கறாருன்னு தெரிஞ்சுடும். இவரு துணியில திடீர்னு பனியன் ரெட்டையா வர ஆரம்பிச்சுது. ஒண்ணு அவரு அளவு, ஒண்ணு ரெண்டு அளவு சின்னது. அப்புறம் முழங்கால் சுளுக்குக்கு சுத்துவாங்களே, அந்த இழுவைத் துணி. எங்க சுளுக்குன்னேன். முதுகுலன்னாரு. முதுகைத் தேய்ச்சு விடறேன்னு போனா ஓடுறாரு. எனக்கு மனசு எங்கெல்லாமோ போச்சு. ஒரு பக்கம் இல்லாத பொண்டாட்டிகிட்ட மனுஷன் எதுக்கு ஓடுவாரு, நீங்களே சொல்லுங்க. ஒரே ரூம்ல ஆளுக்கொரு சுவரைப் பாத்துக்கிட்டு துணி மாத்துவோம். நான் இல்லாததை மறைக்க. அவரு எதுக்குன்னுதான் தெரியல.

தெரிஞ்சது ஒரு மத்தியானம். அவருக்கு லீவு. சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் படுத்திருந்தோம். எனக்கு எடுத்த இடத்துல ஒரு அரிப்பு வரும்னு சொல்லியிருக்கேன்ல, இல்லாத இடத்துல அரிக்கும், சொறியப் போனா வெறும் தையல்தான் இருக்கும். தூக்கக் கலக்கத்துல அந்த அரிப்பு. கையை வெச்சேன். இருந்துச்சு டாக்டரம்மா. கை நெறைய இருந்துச்சு. கைக்குப் பழகின கனம், பழகின மெத்து. வந்துடுச்சுன்னு நெனச்சேன். நடந்ததெல்லாம் கனவு, யாரும் எதையும் எடுக்கலன்னு நெனச்சேன். சந்தோஷத்துல லேசா அழுத்தினேன். அவரு அலறினாரு. அவரு மார் அது.

எழுந்து உக்காந்து ரெண்டு கையையும் குறுக்க வெச்சு மறைச்சுக்கிட்டாரு. பொம்பளைங்க நாம மறைப்போமே, அச்சு அசலா அப்படி. பாக்காதே, பாக்காதேங்கறாரு. இவ்வளவு பெரிய உடம்பு, கட்டில் ஓரத்துல ஒடுங்கிப்போய்.

அப்புறம்தான் வாயைத் திறந்தாரு. ஊசில போறது ஆம்பளை ஹார்மோனாம், அளவு மீறிப் போனா உடம்பு அதுல கொஞ்சத்தை பொம்பளை ஹார்மோனா மாத்திடுமாம். அதுல காம்புக்குப் பின்னாடி கட்டி மாதிரி திரண்டு, தொட்டா உயிர் போற வலி வந்து, அப்புறம் மாராவே வளர்ந்துடுமாம். ஜிம்முல அதுக்கு கைனோன்னு பேரு. அதுக்கு முந்தின மாசமே போன்ல யார்கிட்டயோ கைனோ வந்துடுச்சு அண்ணே, என்ன பண்றதுன்னு கேட்டுட்டு இருந்தாரு. ஆஸ்பத்திரியில கைனோன்னா பொம்பளைங்களுக்குப் பாக்கற டாக்டர்தானே, நான் யாரோ லேடி டாக்டர் கடைக்கு நகை வாங்க வந்திருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன். சிரிங்க, பரவால்ல. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு, எங்கிட்ட எடுத்தது போக இடமில்லாம உங்ககிட்ட வந்து ஒட்டிக்கிச்சு போலன்னேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். இடது பக்கம்தான் அவருக்கு அதிகம், அதான் வாயில வந்துடுச்சு. அவரு சிரிக்கல. தேம்பித் தேம்பி அழுதாரு. அன்னையிலேர்ந்து எனக்கே அந்தப் பேச்சு போகல. அவரு பக்கத்துல படுத்தா, என்னோடது அங்க மூச்சு விடுதுன்னு தோணும்.

ஊசியை நிறுத்திப் பாத்தாரு. நிறுத்தினா கையும் தோளும் வத்துது, இது மட்டும் அப்படியே நிக்குது. உடம்பு வத்தினா வேலை போகும்னு மறுபடி போட்டுக்கிட்டாரு. ஆபரேஷன் இருக்குன்னு தெரியும் அவருக்கு. இந்த வீட்டுல ஒருத்தர் மார்ல கத்தி பட்டது போதும்னுட்டாரு. என் தையலைக் கழுவின ஆளு, அவருக்கு பயம் இருக்காதா? ஜிம் அண்ணன் ஒரு மாத்திரை குடுத்திருக்கான். அதைப் போட்டா கரைஞ்சுடும்னு. கரையல. அது போலி மாத்திரை, வெறும் மாவுன்னு அப்புறம் தெரிஞ்சுது.

அதுக்குள்ள கடை வாசல்ல ஒண்ணு நடந்துச்சு. ஒரு அம்மா கைக்குழந்தையோட உள்ள வந்திருக்காங்க. இவரு கதவைத் திறந்து விடறாரு. குழந்தை இடுப்புலேர்ந்து தாவி இவரு டீ-ஷர்ட்டை மார்ல பிடிச்சு இழுத்து வாயை வெச்சுடுச்சு. குழந்தைக்கு என்ன தெரியும், அதுக்கு எல்லாம் ஒண்ணுதான். கூட நின்ன காவல்காரன், பால் கேக்குதுண்ணேன்னு சொல்லிட்டான். கவுண்டர் வரைக்கும் சிரிப்பு. வீட்டுக்கு வந்து என்கிட்ட இதை சொல்லும்போது, டாக்டரம்மா, அது அவரு குரலே இல்ல. செத்துடலாம் போல இருக்குன்னாரு. சும்மா சொல்ற ஆளு இல்ல அவரு.

பயந்துட்டேன். குளிக்கப் போனா கதவைத் தாழ் போடாதீங்கன்னு சொல்லிட்டு வாசல்லயே நிப்பேன். கொஞ்ச காலம் அப்படிப் போச்சு. அப்புறம் மெதுவா தெளிஞ்சாரு. சின்ன பனியன் துணியில வர்றது நின்னுது. இழுவைத் துணி மூலையில கெடந்துச்சு. ஒரு நாள் சட்டையில்லாம ஹால்ல நடந்தாரு. வலியும் போச்சு, அளவும் கொறையுதுன்னாரு. எப்படின்னு நான் கேக்கல. போற பேயை எந்த வழியா போறேன்னு யாராவது கேப்பாங்களா?

எனக்கும் அப்போ நல்லாத்தான் இருந்துச்சு. இந்த வேக்காடு, உங்க மாத்திரையால வர்றது, திடீர்னு குப்புன்னு கழுத்துலேர்ந்து ஏறுமே, அது நின்னுடுச்சு. நான்தான் உங்ககிட்ட சொன்னேனே, பழகிடுச்சுங்கன்னு. நீங்க கூட நல்லதுன்னீங்க. ஆனா அவருக்கு வேர்க்க ஆரம்பிச்சுது. ஏசி கடை வாசல்ல நிக்கற ஆளுக்கு தெப்பமா வேர்வை. சாப்பிட்டுட்டு இருக்கும்போதே முகம் செவந்து, விசிறு விசிறுங்கறாரு. என் மாரு போச்சு, இப்போ என் வேக்காடும் அவருக்குப் போயிடுச்சேன்னு நெனச்சேன். உள்ளுக்குள்ள ஒரு மாதிரி குளிர்ந்துச்சு. என்கிட்டேர்ந்து ஒவ்வொண்ணா அந்தப் பக்கம் போகுது, கடைசில நான் எதோட மிஞ்சப் போறேன்னு.

பேயும் இல்ல பிசாசும் இல்லம்மா. பாக்கெட்டுல இருந்துச்சு. கடையில நான் பாக்கெட்டைத் தடவாம எந்தத் துணியையும் தண்ணியில போட மாட்டேன், வீட்டுலயும் அப்படித்தான். போன வாரம், நீங்க ஸ்கேனுக்கு அனுப்பினீங்களே, ரிசல்ட்டுக்கு காத்திருந்தோமே, அப்போ. அவரு யூனிஃபார்ம் பேன்ட்டுல ஒரு காலி மாத்திரை அட்டை. உங்க ஆஸ்பத்திரி மருந்துக்கடை ஸ்டிக்கர் ஒட்டினது. அதுல என் பேரு.

ஆமா. அதே மாத்திரைதான். என் கட்டிக்கு பொம்பளை ஹார்மோன்தான் தீனி, அந்தத் தீனி போய் சேராம இது தடுக்கும்னு எனக்கு படம் போட்டுக் காட்டினீங்களே. அவருக்கு வளர்ந்ததுக்கும் அதே தீனிதானே. ஜிம்முக்காரங்க தேடி அலையற மாத்திரை எங்க வீட்டு அலமாரியில அசலாவே இருந்திருக்கு. எனக்கு டப்பாவுல வேற ஏதோ வெள்ளை மாத்திரை. சத்து மாத்திரையா இருக்கும். நாக்குல லேசா புளிச்சுது. கம்பெனி மாறியிருக்கும்னு நெனச்சேன்.

எவ்வளவு காலமாவா? வேக்காடு நின்னதுலேர்ந்து கணக்கு போட்டுக்கங்க.

அப்படிப் பாக்காதீங்க அவரை. கண்ணாடி வழியா தெரியறாரு, அப்படிப் பாக்காதீங்க. ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க? எல்லாத்தையும் எடுத்தாச்சு, இந்த மாத்திரை ஒரு பாதுகாப்புக்குன்னீங்க. அவரும் பக்கத்துல நின்னு கேட்டாரு. பாதுகாப்புன்னா என்னன்னு அவருக்கு நீங்க சொல்லித் தரணுமா? வருஷக்கணக்கா அவரு முதுகுலயே அதுதானே எழுதியிருக்கு. வாசல்ல நிக்கறது. கால் வலிக்க நிக்கறது. யாரும் வரமாட்டாங்க, ஒண்ணும் நடக்காது. ஒரு நாள் நிக்கலன்னாலும் கடை அப்படியேதான் இருக்கும். பாதுகாப்புன்னா அவருக்கு அவ்வளவுதான். அந்த வார்த்தையை நம்பி எடுத்துட்டாரு. என்னைக் கொல்லணும்னு எடுக்கல.

கோவம் இல்லையான்னா, இருக்கு. நல்லா இருக்கு. அட்டையைப் பாத்த அன்னைக்கு அவரு டீ-ஷர்ட்டைத் தேய்க்கப் போட்டேன், இஸ்திரிப் பெட்டியை அந்த எழுத்து மேலயே வெச்சுட்டு நின்னேன். புகை வர்ற வரைக்கும் எடுக்கல. கை தவறிடுச்சுன்னு சொன்னேன். அதுக்கென்ன, உன் கை சுட்டுடலையேன்னு கேட்டாரு.

அதை ஒழுங்கா போட்டிருந்தா இது வந்திருக்காதா டாக்டரம்மா? இல்ல, இருங்க. சொல்லாதீங்க. எனக்கு வேணாம். தெரிஞ்சுக்கிட்டா அதை நான் அவரு மூஞ்சியில வெச்சுத்தான் பாப்பேன். இனிமே எலும்புங்கறீங்க. தூக்கணும், திருப்பணும், குளிப்பாட்டணும்னு வரும். எனக்கு இருக்கறது அந்த ரெண்டு கைதான். நான்தான் இவளை இப்படி ஆக்கினேன்னு தெரிஞ்சா அந்தக் கை என்னைத் தூக்காது, கயித்தைத் தேடும். எனக்கு நியாயம் வேணாங்க. அவரு வேணும்.

அதனால இவங்க மாத்திரையை ஒழுங்கா போட்டாங்களான்னு மட்டும் அவர்கிட்ட கேட்காதீங்க. கேட்டா அவருக்குப் பொய் வராது. நோயோட குணம் அப்படி, யார் கையிலயும் இல்லன்னு சொல்லிடுங்க. முழுப் பொய்யா இருக்காது இல்ல? உங்களுக்குக் கஷ்டம்தான், தெரியுது. ஆனாலும் கேக்கறேன்.

சரி. கூப்பிடுங்க.

அவரு உள்ள வர்றதுக்குள்ள சொல்லுங்க, என்ன எழுதறீங்க? ஊசியா? மாசாமாசம் இங்க வந்தே போட்டுக்கணுமா? நல்லது. அதோட புது மாத்திரையா. சரி. அப்போ பழசு? அதை எதுக்கும்மா சீட்டுல கோடு போட்டு அடிக்கறீங்க? அடிக்காதீங்க. அது பாட்டுக்கு என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும். அவருக்கு இப்போதான் கொஞ்சம் கொறைஞ்சுட்டு வருது.