கீழ்த்தளத்தில் அந்நியன், மாடியில் தம்பி

கழுத்துக்குக் கீழே, தோள்பட்டை இரண்டும் சேரும் இடத்தில் ஒரு வலி உண்டு. முப்பது வருஷம் தலையில் செங்கல் சுமந்தால் வரும். அதனால் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன் ஐயா, மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விசாரணையில் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

நீங்கள் கேட்கும் குள்ளன் என் உடன்பிறந்தவன் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாருடனோ வந்து, நாங்கள் வேலை செய்த செங்கல் சூளை வாசலில் தனியாக நின்றவன். ஆறு வயதிருக்கும். சூளையில் குடும்பத்துக்குத்தான் தங்க அறை கிடைக்கும், ஒற்றை ஆளுக்கு இடமில்லை. பேர் எழுதும் நாளில் என் அப்பா மேஸ்திரியிடம், இது என் இரண்டாவது பையன் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம், அடையாள அட்டை, ஓட்டு என்று எல்லாம் அவனுக்கு வந்தது.

வெல்டிங் கற்றான். பட்டறை வைத்தான். நான்கு அறையில் வீடு கட்டினான். அந்த வீட்டுக்குச் செங்கல் சுமந்தவன் நான். சனிக்கிழமை மற்ற ஆட்களோடு நானும் வரிசையில் நின்று கூலி வாங்கினேன். எனக்கு மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தான். கூட்டிக் கொடுத்தான் பாருங்கள், அதுதான் எனக்குச் செரிக்கவில்லை.

குடியுரிமைச் சரிபார்ப்பு வந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். இல்லை, அப்படிச் சொல்வது சரியில்லை. நானாகத்தான் போனேன். சரிபார்ப்பு அலுவலகத்தில் கீழ்த்தளம், மூன்றாவது அறை. அவன் என் அப்பாவுக்குப் பிறந்தவன் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு சொல் பொய் கிடையாது. நாலே மாதத்தில் குடியுரிமையை ரத்து செய்து, வேனில் ஏற்றி, பாஷைகூட மறந்துபோன ஊருக்கு அவனை அனுப்பிவிட்டார்கள்.

ஆளை அனுப்பலாம், வீட்டை அனுப்ப முடியாதே. பதிவேட்டில் உள்ள உறவு யாராவது ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும், இல்லாவிட்டால் ஏலம். அவன் பெண்டாட்டி இந்த நாட்டுக்காரிதான். பிள்ளை இல்லை. கல்யாணத்தையும் பதியவில்லை. பதியப் போனால் பிறப்புச் சான்று கேட்பார்களே என்று பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். ஆக, தாளில் அவனுக்கு மிச்சமிருந்த ஒரே உறவு, சூளைப் பட்டியலில் இருந்த அண்ணன். நான்.

அதே கட்டடம், முதல் மாடி. மனு போட்டேன். கீழே உள்ள கோப்பு மேலே ஏறாது என்பது எனக்குத் தெரியும்.

திரும்பி இறங்கும்போது படிக்கட்டில் அவன் பெண்டாட்டி மறித்தாள். சத்தம் போடவில்லை.

"கீழ தம்பி இல்லன்னு எழுதினீங்க. மேல தம்பின்னு எழுதிட்டு வரீங்க. ரெண்டுல எது நெசம் மாமா?"

"எந்த மாடியில கேக்குறாங்கன்னு பாக்கணும்மா."

"அப்ப நடுப்படியில நிக்கிறீங்களே, இப்ப நீங்க யாரு?"

விலகி இறங்கினேன். வீடு என் பேருக்கு வந்து, அவள் காலி செய்த அன்று அவளுடைய தையல் மிஷினை நான்தான் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அந்த அளவுக்கு ஈரம் எனக்கு உண்டு. என்னுடைய இரண்டு தாளையும் ஒன்றாகப் பின் அடித்து உங்களிடம் கொண்டுவந்தது அவள்தான் என்பதும் தெரியும். பின் அடிக்கட்டும். இரண்டிலும் இருப்பது என் கையெழுத்துதான்.

வீட்டை என் பேருக்கு மாற்றும் முன் மாடியில் உறவுக்கு இன்னொரு ஆதாரம் கேட்டார்கள். அப்பா படுக்கையில் விழுந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைத் தேடி எடுத்து வைத்தேன். மகன் என்ற இடத்தில் குள்ளன் கையெழுத்துப் போட்டிருந்தான். பதினான்கு மாதம் அவரை அள்ளித் துடைத்து, சோறு ஊட்டியவன் அவன்தான். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

வீட்டை எடுத்தது தப்பு என்று என் வாயிலிருந்து வராது ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மூத்த மகன் செய்திருக்க வேண்டிய அந்தப் பதினான்கு மாதம், நான் அவனுக்குப் பட்ட கடன். அதை இன்னும் தீர்க்கவில்லை.