சாப்பிட்ட பிறகு ஒரு ஜிங்க் மாத்திரை

ஜிங்க் மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது, ஐயா. குமட்டும். மருந்துக் கடையில் நின்றுகொண்டு நாள் முழுக்க இதைத்தான் சொல்கிறேன், யார் காதில் வாங்குகிறார்கள்? வாங்கிய கையோடு வாசலிலேயே விழுங்கிவிட்டு, மறுநாள் வந்து என்னிடம் சண்டைக்கு நிற்பார்கள்.

என் தங்கை அப்படியில்லை. அம்மா போன பிறகு அவளுக்குத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பியதிலிருந்து எல்லாம் நான்தான். அவள் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். குளத்துத் தண்ணீரில் முடி கொட்டுகிறது, ஜிங்க் போட்டால் நிற்கும் என்று போனில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டாள்.

"போடு. ஆனா கொஞ்ச நாளைக்குத்தான். இஷ்டத்துக்குப் போட்டுட்டே இருந்தா உடம்புல செம்புச் சத்து இறங்கிடும், கால் மரத்துப்போகும்" என்றேன். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதுதான்.

சமர்த்தாக நிறுத்திவிட்டாள். அப்புறம் ஒருநாள், வேறு ஊரில் வேலை கிடைத்திருப்பதாக வந்து நின்றாள். அடுத்த வருஷம் திறக்கப்போகிற பெரிய நீச்சல்குளம். தங்க இடமும் தருகிறார்களாம். "நீயும் எத்தனை நாளைக்குத்தான்க்கா என்னோட மாரடிப்ப?" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாளிலிருந்து காலைச் சாப்பாடு முடிந்ததும் ஜூஸ் போட்டுக் கொடுத்தேன். மாத்திரையைப் பொடித்துத் தாராளமாகவே கலந்தேன்.

"என்னக்கா, இரும்பை நக்கின மாதிரி இருக்கு?"

"மிக்சிக்குப் புது பிளேடு. மூக்கைப் பிடிச்சிட்டுக் குடி."

குடித்தாள். டம்ளரைக் கழுவியும் வைப்பாள், பாவம். இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று பக்கத்து வீட்டம்மா வாய் ஓயாமல் சொல்வார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

வேலையில் சேர வேண்டிய நாள் நெருங்கியபோது படிக்கட்டில் தடுமாற ஆரம்பித்தாள். செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்தாள். தண்ணீரில் இறங்கவே பயந்தாள். அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று. அன்று என் மடியில் படுத்து அழுதாள். பொய் சொல்ல மாட்டேன் ஐயா, எனக்கு மனசு நிறைந்திருந்தது.

டாக்டர் கெட்டிக்காரர். ரத்தத்தில் ஜிங்க் எக்கச்சக்கம், செம்பு இல்லவே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார். "அதை நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சே டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே தங்கை என் பக்கம் திரும்பினாள். அங்கேயே அவளுக்கு விளங்கிவிட்டது. ரத்தம் தேறிவிடுமாம். கால் பழையபடி வருமா என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

ஆமாம், நான்தான் கலந்தேன். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் கலந்தேன். என் முகத்தில் இனி விழிக்க மாட்டேன் என்று அவள் போலீஸ் புகாரில் சொன்னதாகச் சொல்கிறீர்கள். சின்னப் பெண், கோபத்தில் அப்படித்தான் பேசுவாள். சாயங்காலத்துக்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஐயா. பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் அவளால் பாத்ரூமுக்குக்கூடப் போக முடியாது. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?