பதிமூன்றாம் மாநாட்டுச் சுக்குக் காபி

சுக்குக் காபிக்குப் பனைவெல்லம்தான் சரி, இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரை போட்டால் காரம் ஒரு பக்கம், இனிப்பு ஒரு பக்கம் என்று நிற்கும். பனைவெல்லம் எந்த ருசியையும் அமுக்கிவிடும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைப் புரிந்துகொள்வது சுலபம்.

என் பெயர் புகழேந்தி. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். ஆப்ஜெக்ட் புரோகிராமிங்குக்கென்று வருடா வருடம் ஓர் ஆராய்ச்சி மாநாட்டை 1991-ல் திருவண்ணாமலையில் தொடங்கியவன் நான்தான். செங்கம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். செருப்பை வாசலில் விட்டு, பாயில் உட்கார்ந்து, பதினோரு பேர் கட்டுரை வாசித்தோம். அந்த அமைதியைப் பார்த்துத் தியான வகுப்பு என்று நினைத்த இரண்டு வெள்ளைக்காரர்கள் உள்ளே வந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். சாப்பாட்டு மணிக்குத்தான் திறந்தார்கள்.

அன்றைக்குக் குழாய் வைத்த ஓர் எவர்சில்வர் டிரம்மை மேடையில் வைத்து விளக்கினேன். "இதுதாங்க ஆப்ஜெக்ட். குழாயைத் திருப்பினா குடிக்க வரும். உள்ள இன்னா இருக்கு, எப்படிச் செஞ்சாங்கன்னு வெளிய நிக்கிறவனுக்குத் தேவையில்ல."

கைதட்டல் அடங்கவே நேரமானது. அதிலிருந்து அது எங்கள் வழக்கம். வருடா வருடம் டிரம்மை நான் நிரப்பி மூடியைப் பூட்டுவேன். ஒரு வருடம் பானகம், ஒரு வருடம் நீர்மோர். உள்ளே என்ன என்று யாராவது கேட்டுவிட்டால், தண்டனையாக மேடையேறிப் பாட வேண்டும். பதினோரு பேர் மெல்ல மெல்ல ஐம்பதைத் தாண்டினோம். ஒருவரும் மூடியைத் தொட்டதில்லை. படித்தவர்கள்.

சக்கரபாணி என் பழைய மாணவன். பெங்களூருக்குப் போய்ப் பேராசிரியர் ஆனவன். போன மாதம், பதிமூன்றாம் மாநாட்டுக்கு வந்து பெட்டியை இறக்கியதுமே ஆரம்பித்தான்.

"சார், இங்க பேச்சு ஜாஸ்தி, கரண்ட்டு கம்மி. அடுத்த வருஷத்துல இருந்து பெங்களூருக்கு மாத்திடலாம். ஏசி ஹால் ரெடி. நீங்களும் வாங்க, முதல் வரிசையில சேர் போடறேன்."

முதல் வரிசையில். அதாவது, மேடைக்குக் கீழே. நான் சிரித்துக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் பொதுக்குழுவில் ஓட்டெடுப்பு. எல்லோரும் அவன் பக்கம். வருடத்தில் அந்த இரண்டு நாள்தான் என்னை நாலு பேர் 'தலைவரே' என்று கூப்பிடுகிறார்கள். அதற்காக நான் இதைச் செய்யவில்லை, சார். மாநாட்டின் நலன்தான் எனக்கு முக்கியம்.

இந்த வருடம் டிரம்மில் சுக்குக் காபி. அதில் கலக்க நாட்டு மருந்துக் கடையில் பேதிப் பொடி வாங்கினேன். "ஆளுக்கு ஒரு சிட்டிகைங்க, மேல போயிடாதீங்க" என்றார் கடைக்காரர். சிட்டிகை என்பது விஞ்ஞான அளவு இல்லை. கரண்டியால் போட்டேன்.

வேலூரிலிருந்து வந்த அருணாதேவி, நல்ல விரிவுரையாளர், ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "தலைவரே, இந்த வருஷம் ருசி ஒரு மாதிரி இருக்கே. உள்ள இன்னா போட்டீங்க?"

சக்கரபாணிதான் குறுக்கே பாய்ந்தான். "கேக்கக் கூடாதும்மா. இத்தன வருஷமா அதானே பாடம். போ, போய்ப் பாடு."

அவர் மேடையேறி ஒரு தாலாட்டுப் பாடினார். சக்கரபாணி தாளம் போட்டுக்கொண்டே மூன்று டம்ளர் குடித்தான். தடுத்திருக்கலாம். ஏற்படுத்தியவனே விதியை மீறினால் நன்றாக இருக்காது.

மதியத்துக்குள் வரிசை மேடை வரை வந்துவிட்டது. மண்டபத்தில் கழிவறை நான்கு. வெள்ளையடிக்க வேண்டும் என்று சொல்லி மூன்றை முந்தின நாளே நான் பூட்டியிருந்தேன். "யோவ், உள்ள குடித்தனமா பண்ற?" என்று ஒரு முனைவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். சக்கரபாணி சுவரைப் பிடித்தபடி என்னிடம் வந்தான்.

"சார், சாவி... உங்ககிட்டதானே?"

"சுண்ணாம்பு இன்னும் காயலப்பா" என்றேன்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவன் நான்தான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வார்டில் கட்டில் கட்டிலாகப் போய் விசாரித்தேன். சக்கரபாணிக்கு நாடி கிடைக்கவில்லை என்று கொஞ்ச நேரம் ஓடினார்கள், பிறகு கிடைத்துவிட்டது.

சாயங்காலம் ஆயிற்று. பொதுக்குழுவைத் தள்ளிப்போட எங்கள் விதியில் இடமில்லை. வார்டின் நடுவில் நின்று தீர்மானத்தைப் படித்தேன்: மாநாடு என்றைக்கும் திருவண்ணாமலையில்தான், தலைவர் என்றைக்கும் புகழேந்திதான். எதிர்ப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றேன்.

எல்லோர் கையிலும் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கையை அசைத்தால் ஊசி நழுவிவிடும் என்று நர்ஸ் சரோஜா அப்போதுதான் அதட்டிவிட்டுப் போயிருந்தார். சக்கரபாணியின் ஒரு விரல் மட்டும் லேசாக எழுந்தது. விரலை எண்ண எங்கள் விதியில் இடமில்லை.

நீங்கள் இதைக் கொலை முயற்சி என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், சார். பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள்: எங்கள் மாநாட்டில் எல்லோரும் மனமொத்து எடுத்த முதல் முடிவு அதுதான்.