செத்தவர் சட்டையும் மூன்றாவது சம்மதமும்

மணவிழாவுக்குத் தலைமையேற்று, மணி பார்த்துக்கொண்டே மலர்ந்த முகம் காட்டும் அவைத்தலைவர் அஷிட்டே அவர்களே! நான் எதை உளறுவேனோ என்று என் வாயையே கவனித்துக்கொண்டிருக்கும் எங்கள் சந்தை வியாபாரிகளின் தலைவி, அரசித் தாயே! மணமகன் வீட்டுப் பெரியோர்களே, மணமகள் வீட்டு மாமன்மார்களே! கந்தமாந்தோ சந்தையில் காலை முதல் மாலை வரை கத்தினாலும் கம்மாத குரல் கொண்ட என் தாய்மார்களே! மூட்டை சுமந்து சுமந்து கழுத்து இரும்பாகிப்போன என் சகோதரிகளே! சோற்று வாசனை வரும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும் பின்வரிசை வாலிபர்களே! உங்கள் அனைவருக்கும், கடல் தாண்டி வரும் பழந்துணி மூட்டை பிரிக்கும் இந்தக் க்வேயின் வணக்கம்.

தலைவர் ஐந்து விரலைக் காட்டுகிறார். ஐந்து நிமிடமாம். ஐயா, நான் மூட்டையையே கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவன். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பிரித்தால்தானே தெரியும்?

மூட்டை வாங்குவது மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி. மேலே ஒட்டியிருக்கும் சீட்டு ஒன்று சொல்லும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். மணமகனே, சிரிக்கிறார்கள், கண்டுகொள்ளாதீர்கள். உங்களைச் சொல்லவில்லை. என் மூட்டையைச் சொல்கிறேன். பெண்கள் சட்டை என்று சீட்டு சொன்னது, அறுத்துப் பார்த்தால் அத்தனையும் கழுத்துப்பட்டை, துரைமார் கட்டும் டை. அக்ராவின் வெயிலில் யாருக்கய்யா வேண்டும் கழுத்துப்பட்டை? தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்க்கடைத் தையல் இயந்திரத்திலிருந்து ஒரு குரல்.

"என்ன மாமா, மூட்டைக்குள்ள பாம்பா?"

"பாம்பா இருந்தா வித்திருப்பேனே தாயி."

"இங்க தள்ளுங்க, பாக்கலாம்."

அவள்தான் லாமிலே. இதோ, இந்த மணமகள். பட்டைகளைப் பிரித்தாள், பக்கம் பக்கமாக அடுக்கினாள், பாவாடையாகத் தைத்தாள். அதைத் தானே கட்டிக்கொண்டு சந்தைச் சந்தில் ஒரு நடை நடந்தாள். பொழுது சாய்வதற்குள் என்னிடம் ஒரு பட்டை மிச்சமில்லை. பனிநாட்டு மேலங்கியைப் பள்ளிக்கூடப் பையாக்கியது யார்? கிழிந்த திரைச்சீலையைத் தேவாலயப் பாடகர்களின் அங்கியாக்கியது யார்? இரண்டு தாத்தாக்களின் கால்சட்டையை இந்த ஒலிபெருக்கித் தம்பியின் கோட்டாக்கியது யார்? தம்பி, திரும்பாதே, பின்பக்கம் இன்னும் ஒரு தாத்தாவின் பை இருக்கிறது.

ஆனால் அன்பர்களே, அந்தக் கைகளுக்கு ஒரு சோதனை வந்தது. வந்த திசை, மணமகனின் அன்னை.

அமெர்லே அம்மாவை அறியாதவர் கடற்கரையில் உண்டா? அவர் புகையிட்ட மீன் இல்லாமல் இந்த ஊரில் புளித்த சோளமாவுக் கெங்கே உருண்டை தொண்டையில் இறங்குமா? நிச்சயதார்த்தத்தன்று காலையிலேயே மணப்பெண்ணை அழைத்து அவர் சொன்னார்:

"இத பாரு. உயிரோட இருக்கிறவன் எவனும் இவ்வளவு நல்ல துணிய வீசமாட்டான். எல்லாம் செத்த வெள்ளைக்காரன் துணி. செத்தவங்க துணி என் வாசலத் தாண்டக்கூடாது. மெஷினை வித்துட்டு வா."

சபை கூடியது. மாப்பிள்ளை வீட்டார் ஜின் பாட்டிலை நடுவில் வைத்தார்கள். மூன்று முறை கேட்டு மூன்று முறையும் பெண் திறக்கச் சொன்னால்தானே சம்மதம், பேச்சுக்காரர் வழக்கப்படி கேட்டார். "மகளே, இதைத் திறக்கலாமா?" "திறக்கலாம்." இரண்டாம் முறை கேட்டார். "திறக்கலாம்." மூன்றாம் முறை கேட்டார். அவள் அமெர்லே அம்மாவின் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்:

"மெஷினை வித்துட்டு வர்ற பொண்ணு வேற யாரோ. அவளத்தான் கேக்குறீங்கன்னா, அவ இங்க இல்ல."

அமெர்லே அம்மா எழுந்தார். திறக்காத பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மணமகன் ஒக்காய், ஒரு கை அம்மாவிடமும் ஒரு கை லாமிலேயிடமும் கிழிந்து போன சட்டை மாதிரி நின்றார். பாவமாக இருந்தது. எனக்கே அழுகை வந்தது என்றால் நம்புவீர்களா? நம்பமாட்டீர்கள், நான் வியாபாரி.

சில நாள் கழித்து, மூட்டை பிரிக்கிற நாள். சந்தையே சண்டைக்களம். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அமெர்லே அம்மா வருகிறார். மார்போடு ஒரு பை. இன்றைக்கு லாமிலேக்கு வசவு நிச்சயம் என்று நான் குறுக்கே போய் நின்றேன். என்னை ஒதுக்கிவிட்டு இயந்திரத்தின்மேல் பையைக் கவிழ்த்தார். ஆண்கள் சட்டைகள்.

"யாரு துணிம்மா இது?" என்றாள் லாமிலே.

"செத்தவர் துணி."

சொல்லிக்கொண்டே சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்தார்.

"என் வீட்டுக்காரரது. அவரு போனப்ப சொந்தக்காரங்க இந்தத் துணியில பங்கு கேட்டாங்க, குடுக்கல. அன்னைக்கு அந்தப் பாட்டில வைக்கப் பெட்டியத் திறந்தேன். உள்ள இவரு. செத்தவங்க துணி வாசலத் தாண்டக்கூடாதுன்னு சத்தம் போட்டுட்டு, வருஷக்கணக்கா பூட்டி வச்சிருக்கிறவ நான்தானே." கோடு போட்ட ஒரு சட்டையை எடுத்தார். "இத மட்டும் துவைக்கவே இல்ல. துவைச்சா அவரு வாசனை போயிடும்."

லாமிலே அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "புகையும் கடலும்மா. இதத் துவைக்க வேணாம். உள்துணியா வச்சுத் தைக்கிறேன். நெஞ்சுப் பக்கம்."

அமெர்லே அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து எடுத்தார் அதே திறக்காத பாட்டிலை.

"பேச்சுக்காரர் வேணாம். மூணாவது தடவை நானே கேக்குறேன். மெஷினோட வர்ற பொண்ணத்தான் கேக்குறேன். திறக்கலாமாடி?"

"திறங்க அத்தை."

சந்தையே கைதட்டியது என் தாய்மார்களே! மூட்டை சுமந்தவர்கள் சுமையோடு நின்று ஆடினார்கள். முதல் சொட்டு மண்ணுக்கு, முன்னோருக்கு. இரண்டாவது சொட்டு, தையல் இயந்திரத்தின் சக்கரத்துக்கு. அதை நான்தான் ஊற்றினேன், அரசித் தாய் மன்னிக்கவேண்டும்.

காலையிலிருந்து எல்லோரும் கேட்கிறீர்கள், சம்பந்தி அமெர்லே அம்மா உடுத்தியிருக்கும் ரவிக்கையும் நீள்பாவாடையும் எந்தப் பெரிய கடையில் வாங்கியது என்று. சொல்லட்டுமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன். "சொல்லு, கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்" என்றார். அம்மா, எழுந்து ஒருமுறை திரும்புங்கள். பாருங்கள் சபையோரே! அந்தத் தோள், மீன்படகு நாளில் அவர் வீட்டுக்காரர் போட்ட நீலச் சட்டை. அந்த மடிப்பு, ஞாயிறு வழிபாட்டுக்கு அவர் போட்ட வெள்ளைச் சட்டை. உள்ளே, நெஞ்சுப் பக்கம், அந்தத் துவைக்காத, கோடு போட்ட சட்டை. மகனின் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை என்று எவர் சொல்வது? மேடையில்தான் நிற்கிறார்.

அவைத்தலைவர் இப்போது விரலைக் காட்டவில்லை, கண்ணைத் துடைக்கிறார். அதனால் நானே முடித்துக்கொள்கிறேன். வாய்ப்பளித்த தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட தாய்மார்களுக்கும், கதையைத் தந்த சம்பந்தி அம்மாவுக்கும் நன்றி. லாமிலே, ஒக்காய், உங்கள் வாழ்க்கை கிழிந்தாலும் தைத்துக்கொள்ள வீட்டிலேயே ஆள் இருக்கிறது, வாழ்க. வாலிபர்களே, போங்கள், மீன் பொரிந்துவிட்டது.